விளாவி வைத்த வெந்நீர்

எங்கள் வீட்டில் வெந்நீர் வைப்பது எப்போதும் என் வேலை. சிறு வயதில் விறகடுப்பில் பித்தளைத் தவலை, அப்புறம் கேஸ் அடுப்பில் அலுமினியக் குண்டான், இப்போது கீசர். பாத்திரம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. பிள்ளை பிறந்தபோது அவனுக்கு, மூட்டுவலி வந்தபோது மாமனாருக்கு, படுக்கையில் விழுந்த கடைசி மூன்று வருடம் அம்மாவுக்கு. கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவுவது லேசான காரியமாகத் தெரியும். குழந்தைக்கு ஒரு சூடு, காய்ச்சலில் எழுந்தவருக்கு ஒரு சூடு, எழுபத்தெட்டு வயதுத் தோலுக்கு வேறு ஒரு சூடு. புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கென்று ஒருவர் வெந்நீர் விளாவி வைத்து, வா குளி என்று கூப்பிட்டது கடைசியாக எப்போது? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே கிடையாது. கடந்த அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் கீர்கங்காவில், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "அத்தை, ஒரு வாரம் என்னோட வாங்க, மலைக்குப் போகலாம்" என்று அழைத்தவள் அண்ணன் மகள். நுண்ணுயிரியல் படிக்கிறாள், வடக்கே இரண்டு வருடம் இருந்ததால் இந்தி நன்றாகப் பேசுவாள். குல்லு மாவட்டத்தில் பார்வதி ஆற்றின் பள்ளத்தாக்கு என்றாள். பெயர் பிடித்தது, சரி என்றேன்.

பியாஸ் ஆற்றில் பார்வதி வந்து சேரும் இடம் பூந்தர். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மேலே போனால் கசோல், அதற்கு அடுத்து மணிகரண். முதல் நாள் மணிகரணில் இறங்கினோம். பார்வதி தேவியின் காதணி தண்ணீரில் விழுந்து தொலைந்துபோக, சிவனின் கோபத்துக்கு அஞ்சிப் பாதாளத்திலிருந்து சேஷநாகம் சீறிய சீற்றத்தில் மணிகளோடு வெந்நீரும் பீறிட்டு வந்ததாம். கோயிலும் குருத்வாராவும் ஒரே ஆவிக்குள் நிற்கின்றன. பக்கத்தில் பார்வதி ஆறு பனி உருகிய தண்ணீரோடு பாய்கிறது, கரையில் பாறை இடுக்கிலிருந்து கொதிநீர் பொங்குகிறது. வந்தவர்கள் துணியில் அரிசியையும் கொண்டைக்கடலையையும் முடிந்து கயிற்றில் கட்டி ஊற்றில் இறக்குகிறார்கள். குருத்வாராவின் சமையலுக்குப் பெரிய பாத்திரங்களே ஊற்றுக்குள் இறங்குகின்றன. அடுப்பு இல்லை, புகை இல்லை, சோறு வெந்துவிடுகிறது.

மணிகரண் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைவு. அந்த ஊரில் 94 டிகிரி வாக்கிலேயே எந்தப் பாத்திரத்துத் தண்ணீரும் கொதித்துவிடும். ஊற்று நீரோ 90 டிகிரியைத் தாண்டியது. அதாவது அந்த உயரத்தில் தண்ணீரால் எவ்வளவு சூடாக முடியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டோடு பூமியிலிருந்து வருகிறது. அதில் குளிக்க முடியாது. குழாய் போட்டு, ஆற வைத்து, குளிர்ந்த நீரைக் கலந்துதான் தொட்டிக்கு விடுகிறார்கள். மனிதர் விளாவிய வெந்நீர். எனக்குத் தெரிந்த வேலைதான்.

கீர்கங்கா வேறு. அங்கே வண்டி போகாது.

தார்ச்சாலை பர்ஷைனியோடு முடிந்துவிடுகிறது. பிறகு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நடை, பாதையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். கல்கா கிராமம் வழியாகக் காட்டுக்குள்ளேயே போகும் பாதை ஒன்று உண்டு. நிழல் அதிகம் என்றாலும் வழி தவறுகிறவர்களும் அதில் அதிகம். நாங்கள் நக்தான் வழியாகப் போனோம். கல்லும் மரமும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய வீடுகள், கூரையில் காயப்போட்ட மக்காச்சோளம், முதுகில் கூடையோடு எதிரே வரும் பெண்கள். நான் நின்று மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள்.

பாதி வழியில் ருத்ர நாக் அருவி. பாறையில் பாம்பு நெளிவதைப் போல வளைந்து வளைந்து இறங்குகிறது. அதைத் தாண்டி மரப்பாலத்தில் ஆற்றைக் கடந்ததும் காடு மூடிக்கொண்டது. தேவதாரு, பைன், பெயர் தெரியாத இன்னும் பல. பாதையில் விழுந்து கிடந்த ஊசி இலைகள் கால் சத்தத்தை விழுங்கிவிடும். மரவேர்கள்தான் படிக்கட்டு. எனக்கு நாற்பத்தொன்பது வயது, முழங்கால் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒவ்வொரு வளைவிலும் இதுதான் இதுதான் என்று நினைத்து ஏமாந்தேன். மழைக்காலத்தில் இந்தப் பாதைக்கு யாரும் வரக்கூடாது என்று அழுத்தியே சொல்வேன். மண் சரிந்த தடங்களைப் பல இடங்களில் பார்த்தேன். காய்ந்த அக்டோபரிலேயே அங்கே கால் வைக்கப் பயமாக இருந்தது.

திடீரென்று மரங்கள் விலகின. சரிவான புல்வெளி, எதிரே பனி மூடிய சிகரங்கள், புல்வெளியின் மேல்புறத்தில் ஒரு வெள்ளை ஆவி. உயரம் 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆவிக்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அவித்த முட்டை கெட்டுப்போன வாசனை. "ஹைட்ரஜன் சல்பைடு, அத்தை" என்றாள் மருமகள், தெரிந்தவரைக் கண்ட சந்தோஷத்தோடு.

கீர் என்றால் பாயசம். இந்த ஊற்றின் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நூல் போலவும் ஏடு போலவும் ஏதோ மிதக்கும், அதனால் வந்த பெயர். கதையும் இருக்கிறது. கார்த்திகேயர், அதாவது நம் முருகன், இங்கே ஒரு குகையில் ஆயிரம் வருடங்களுக்கு மேல் தவம் இருந்தார். அம்மையும் அப்பனும் பிள்ளையைப் பார்க்க வந்தபோது பாயசமே ஊற்றாக ஓடியதாம். கலியுகத்தில் மனிதர்கள் இதற்காக அடித்துக்கொள்வார்களே என்று பரசுராமர் அதைத் தண்ணீராக மாற்றிவிட்டாராம். குகை இன்றும் இருக்கிறது, சிறியது. அதன் முன் நிற்கும்போது பழனிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மலையில் என்ன சாப்பிட்டது என்று தென்னாட்டுக் கதையில் நான் கேட்டதில்லை. அந்தக் கவலை இங்கே, இவ்வளவு தூரம் தள்ளி, வடநாட்டுக் கதையில் இருக்கிறது. மலைமேல் போன பிள்ளைக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு வந்த அம்மா. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது, மறைக்க விரும்பவில்லை.

இமயத்தில் எரிமலை கிடையாது. அப்படியிருக்க வெந்நீர் எப்படி வருகிறது என்று மருமகளைக் கேட்டேன். அன்று மாலை முழுவதும் இதைத்தான் பேசினோம். பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகள் வழியாகக் கீழே இறங்குகின்றன. பூமிக்குள் சாதாரணமாக ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். இந்தியத் துணைக்கண்டம் வடக்கே ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. மோதல் இன்னும் ஓயவில்லை. அந்த நெருக்கலில் மடிந்து தடித்துப்போன பாறைகளுக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மெல்ல மெல்லச் சிதைந்து தரும் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஆழத்தில் சூடேறிய நீர் லேசாகி, பாறைகள் முறிந்து நகர்ந்த பெரும் பிளவுகளில் வழி கண்டுபிடித்து மேலே வருகிறது. நம் நாட்டில் இப்படி முன்னூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பதிவு செய்திருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு எவ்வளவு காலம் ஆகும்? ஊற்றுக்கு ஊற்று மாறும். சில இடங்களில் சில பத்தாண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இதைக் கேட்டதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பிறகு அவள் சொன்னதுதான் இன்றுவரை என் மனதில் நிற்கிறது. ஆழத்திலிருந்து ஏறிவரும் கொதிநீர் பல ஊற்றுகளில் அப்படியே வெளியே வருவதில்லை. வழியில், மேல்மட்டத்து நிலத்தடியில் இருக்கும் குளிர்ந்த நீரோடு கலக்கிறது. கலப்புக்கு ஏற்ப ஒரு ஊற்றில் கை வைக்க முடியாது, இன்னொன்றில் உட்கார்ந்து குளிக்கலாம்.

"அப்போ மலையே விளாவுது" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. கீசர் காலத்துப் பிள்ளை. சொல்லிக்கொடுத்தேன்.

கீர்கங்காவில் ஆண்களுக்கு ஒரு தொட்டி, பெண்களுக்கு ஒரு தொட்டி. ஆண்களின் தொட்டி திறந்தவெளி. வெந்நீரில் சாய்ந்துகொண்டு எதிரே பனிமலையைப் பார்க்கலாம். நாங்கள் போனபோது பெண்களின் தொட்டியைச் சுற்றிச் சுவர் இருந்தது. மறைவு வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 12 கிலோமீட்டர் ஏறிவந்த பெண்ணும் அந்தச் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு குளிக்க ஆசைப்படுவாள். மலைப்பக்கம் மட்டும் திறந்து, பாதைப்பக்கம் மறைத்துக் கட்டத் தெரியாதவர்களா நாம்? கூரையைத் தாங்கிய பலகை இடுக்கில் தெரிந்த ஒரு விரற்கடை வெள்ளைதான் எனக்குக் கிடைத்த இமயம். அதற்காகக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

இறங்குவதற்கு முன் மருமகள் கட்டளைகள் போட்டாள். சோப்பு, ஷாம்பு கூடாது, இந்தத் தண்ணீர் அப்படியே கீழே ஓடைக்குப் போகிறது. முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகுதான் உடம்பு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "முக்கியமா, தலையை முக்கக் கூடாது அத்தை."

இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. புனித நீர் என்றால் மூன்று முழுக்குப் போட்டுத்தானே பழக்கம்? அவள் விடவில்லை. கேரளத்தில் சமீப ஆண்டுகளில் பலரைப் பலிவாங்கிய அமீபா மூளைக் காய்ச்சல் பற்றிய செய்திகள் நமக்குத் தெரியும். அதற்குக் காரணமான அமீபாக்களில் ஒன்றான நெக்லேரியா ஃபவுலரி என்ற உயிரி வெதுவெதுப்பான நன்னீரை விரும்பும், 46 டிகிரி வரை தாங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். இங்கிலாந்தின் பாத் நகரில், ரோமானியர் காலத்திலிருந்து பெயர் பெற்ற வெந்நீர்க் குளத்தில் நீந்திய ஒரு சிறுமி 1978-இல் இதனால் இறந்தாள் என்றும் சொன்னாள். மிக அரிதாக வருவது, வந்தால் பிழைப்பது கடினம். அதனால் ஒரு கை தண்ணீரை அள்ளி உச்சந்தலையில் தெளித்துக்கொண்டேன். முருகனுக்கு அது போதும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. குளிக்கக் கட்டிய தொட்டியைத் தவிர, ஊற்றின் கண்ணில், வாய்க்காலில், தெரியாத குட்டையில் கால் விடாதீர்கள். உடம்புக்கு இதமானது 40 டிகிரிக்கு ஒன்றிரண்டு முன்பின். 60 டிகிரி நீர் ஐந்தே விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீருக்குள் உட்கார்ந்த அந்த முதல் நிமிடத்தை எப்படிச் சொல்வது? வெளியே விரல் நுனி மரத்துப்போகும் குளிர். ஏறிவந்த வலி முழங்காலில் முடிச்சுப் போட்டிருந்தது. சூடு அதைத் தேடி வந்து அவிழ்த்தது. என் கை பழக்கதோஷத்தில் சூட்டைச் சோதித்தது. இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் சேர்க்கலாமா என்றும் யோசித்தது. சேர்க்கத் தேவையில்லாத சூடு. நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு பெய்த மழையாக இருக்கலாம், இருட்டில் இறங்கி, சூடேறி, திரும்பி ஏறி, வழியில் பதமாகக் கலந்து, சரியாக இந்த மாலையில் என் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் ஒரு வேலையும் செய்யவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, யார் எனக்கு வெந்நீர் போட்டார்கள் கடைசியாக என்று.

அம்மாதான். என் பிரசவத்துக்குப் பிறகு. இருபத்துநான்கு வருடம்.

கண்ணெதிரே பாயசத்தின் வெள்ளை நூல்கள் மிதந்தன. இதைப் போன்ற கந்தக நீரில் கந்தகத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இப்படித்தான் வெள்ளை இழைகளாகத் திரளுமாம். அழுக்கு என்று நினைத்து விலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மருமகள் இந்தியில் ஒரு பாடமே நடத்தினாள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி 1960-களில் ஒரு நுண்ணுயிரியைக் கண்டெடுத்தார். 70 டிகிரியிலும் செழித்து வளர்வது. அதன் நொதி கொதிக்கும் சூட்டுக்கு அருகிலும் கெடாது என்பதால்தான் மரபணுவைப் பிரதி எடுக்கும் பி.சி.ஆர். முறை எளிதாகி உலகமெங்கும் பரவியது. அந்த முறையைக் கண்டவருக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை அந்த வழியில் வந்தது. அந்தப் பெண் பிறகு இழைகளை விலக்கவில்லை.

வேகமாக எழுந்தது என் தவறு. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், அந்த உயரத்தில் காற்றும் மெலிந்தது. கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகே சரியானது. என் வயதில் போகிறவர்கள் படிப்படியாக எழுந்திருங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

துவட்டும்போது பார்த்தால் கால்விரலில் மெட்டி கறுத்திருந்தது. தண்ணீரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விபூதி போட்டுத் தேய்த்தால் போய்விடும். இன்னும் தேய்க்கவில்லை.

இரவு ஒரு மரக்கொட்டகையில் தங்கினோம். நான்கு கம்பளிக்குள்ளும் நடுக்கம். விடிவதற்கு முன், ஆட்கள் வரும் முன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கீழே ஒரு கிராமத்திலிருந்து வந்த பாட்டி. அவருடைய உடை படியில் மடித்து வைத்திருந்தது. கட்டம் போட்ட தடித்த கம்பளி. அதற்கு அந்தப் பக்கத்தில் பட்டு என்று பெயர் என மருமகள் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. நமக்குப் பட்டு என்றால் வேறு. பாட்டி எங்களைப் பார்த்து இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. ஊற்று தொட்டிக்குள் விழும் சத்தம் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பின்னால் வந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. ஒன்றும் கேட்காமல் என் முதுகில் ஊற்றத் தொடங்கினார். ஒரு சொம்பு, இரண்டு, மூன்று. பிடரியில் ஊற்றி, வழியும் தண்ணீரை உள்ளங்கையால் முதுகெலும்பு நெடுகத் தேய்த்துவிட்டார். சொரசொரப்பான கை, விறகும் புல்லும் சுமந்த கை. நான் அசையாமல் இருந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன், முகமெல்லாம் ஆவி, அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு சொம்பை வாங்கிக்கொண்டேன். அவர் கேள்வி எதுவும் இல்லாமல் திரும்பி உட்கார்ந்தார். சிறிய முதுகு, தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. மொண்டு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இடுப்புக்கு மேலே மெல்ல ஊற்றினேன். அவர் திரும்பாமலே ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன் மருமகளிடம்.

"இன்னும் கொஞ்சம் மேலே ஊத்தச் சொல்றாங்க அத்தை. தோள்ல."